திருநீற்றில் வந்த கோடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எழுத உட்காருவேன், பாவாவின் முகம் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அவர் மானம் போய்விடக் கூடாதே என்று ஒரு பக்கம். எட்டாவது வரை படித்த நான் எழுதினால் யார் நம்புவார்கள் என்று இன்னொரு பக்கம். இந்தத் தை மாதம் அவரே ஒரு நாள் என் கடைக்கு வந்து, "ஊரே ஆளுக்கொரு கதை சொல்லிகினு கீது மச்சான். நீ பார்த்தத நீ எழுதிடு" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். முருகன் மேல் ஆணையாகப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முருகன் கோயில் மலையடிவாரத்தில் எனக்குப் பூசைச் சாமான் கடை. தேங்காய், கற்பூரம், திருநீறு, பன்னீர், வேண்டுதலுக்குப் போடுகிற வெள்ளித் தகடுகள். கை வலி என்றால் கை உருவம், கால் வலி என்றால் கால் உருவம், கண்ணுக்குக் கண்மலர். மனிதர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்கள் வாங்குகிற தகட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. சந்தேகப் பிராணி என்று என் மனைவி சொல்லுவாள். இருக்கட்டும்.

பாவா வாடகை வேன் ஓட்டுகிறவர். திருப்பதிக்கு ஆள் ஏற்றுவார், பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்களின் கல்யாணங்களுக்குப் போவார். அவருடைய பழைய வேனின் அடித்தரை துருப்பிடித்து, நடுச் சீட்டுக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. தரைக்கு அடியில் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி நீளமாக ஒரு இரும்புச் சட்டம் போகும். வண்டியின் பாரமெல்லாம் அதன் மேல்தான். அதிலும் துரு. ஒர்க் ஷாப்பில் விட மாட்டேன் என்றார் பாவா. ஃபோனில் வீடியோ பார்த்து, சின்னதாக ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அது அவருடைய வண்டி, அவருடைய வாசல், நமக்கென்ன என்று நான் இருந்திருப்பேன். ஆனால் என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு பாவா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "என் மருமவள திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலதான் கூட்டிகினு போவேன். வேற எவன் வண்டியும் வாசல்ல நிக்கக் கூடாது."

என் மகள் அந்த நடுச் சீட்டில்தான் உட்கார வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் சில நாள் நானும் கூடமாட உதவி செய்தேன். சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தோம். பேட்டரி ஒயரைப் பிரித்தோம். நனைத்த சாக்கைப் பக்கத்திலேயே போட்டு வைத்தோம். துருவை கிரைண்டரால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதுத் தகடு வைத்து, ஓரம் முழுக்க ஒட்ட வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக இழுத்தால் ஓட்டை விழுந்துவிடும். அதனால் ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு அங்கே என்று வைத்து, ஆறவிட்டு, பிறகு நடுவில் நிரப்புவது. நான் தகட்டைப் பிடித்துக்கொள்வேன், பாவா வெல்டிங் ராடால் பொட்டு வைப்பார். நான் இருந்தவரை அந்தப் பொட்டுகளோடு சரி.

அப்போதே எனக்கு ஒன்று உறுத்தியது. ராடை வைப்பதற்கு முன்னால் அவர் இடது கை விரலால் தகட்டின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இருட்டில் சட்டைப் பொத்தானைத் தேடுகிற மாதிரி. நல்ல வெயில் அடிக்கிற நேரத்தில் எதற்கு அப்படி?

"இன்னா பாவா தடவிகினு கீறீங்க?"

"இரும்பு மச்சான். கோயில் மணி இல்ல, பார்த்த உடனே தெரியறதுக்கு."

எங்கள் வீட்டில் அவருடைய பதிலெல்லாம் இப்படித்தான், சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். நானும் சிரித்தேன். மனசு சிரிக்கவில்லை.

அதற்கு மறுநாள் என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். "கடைய கவனி மச்சான், நான் பார்த்துக்கிறேன்." வாசலைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டார். கேட்டால், வெளிச்சம் பட்டால் தெருவில் போகிறவர்கள் கண் கெட்டுப்போகும் என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான். ஆனால் முந்தின நாள் வரை தெருக்காரர்களுக்குக் கண் இல்லையா?

சாயங்காலம் கடை மூடிவிட்டு எட்டிப் பார்த்தேன். ஒட்டுகள் இரண்டு விதமாக இருந்தன. சில இடத்தில் களிமண்ணை அள்ளி அப்பின மாதிரி கட்டி கட்டியாக. சில இடத்தில் பின்னின சடை மாதிரி சீராக. ஒரே ஆள், ஒரே மெஷின். காலையில் ஒரு கை, மத்தியானம் ஒரு கையா? யாரையோ கூட்டி வந்து செய்கிறார் என்று நினைத்தேன். செய்தால் சொல்ல வேண்டியதுதானே.

எதிர்வீட்டுக்காரர் அந்த நினைப்பில் எண்ணெய் ஊற்றினார். அவருக்குத் தெரு விஷயம் எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும்.

"உங்க பாவா வண்டி அடியில டப்பா ஒண்ணு ஒட்டிகினு கீறாராமே?"

"இன்னா டப்பா?"

"ஆங், உங்களுக்குத் தெரியாதா பாவம். ரேஷன் அரிசி ஆந்திராவுக்கு எப்டிப் போவுதுன்னு நெனைக்கிறீங்க? பறந்தா போவுது? தார்ப்பாய் எதுக்குங்க கட்றாங்க?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல."

"யாரு சொன்னா அப்படிப்பட்டவருன்னு? நானா சொன்னேன்? செக்போஸ்ட்டுல நிறுத்துனா பார்த்துக்கோங்கன்னு சொன்னேன். உங்க பொண்ணு வேற போவுது."

உங்க பொண்ணு வேற போவுது. அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அன்றைக்கு என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பூசைக்கு ஊதுவத்தி என்றாலும் என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பாவா, அந்த வாரம் படிக்கட்டுப் பக்கம் இருக்கிற இன்னொரு பூசைச் சாமான் கடையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை வாங்கி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். நான் பார்த்தேன். என்னிடம் வாங்கக் கூடாத சாமான் அப்படி என்ன? மனிதன் சாமி சாமானை ஒளித்து வாங்குவானா?

கிருத்திகை வந்தது. மாதாமாதம் கிருத்திகைக்கு மலை ஏறுவது என் வழக்கம். ஏறி, தரிசனம் முடித்து, சந்நிதித் திருநீறு கொஞ்சம் மடித்துக்கொண்டு இறங்கினேன். நேரே பாவா வீட்டுக்குப் போனேன். ஒட்டு வேலை முடிந்து, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வண்டியைக் கல் வைத்து ஒரு பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தார். அந்தச் சட்டத்துக்குள் டீசல் கலந்த பழைய ஆயிலை முதல் நாளே ஊற்றியிருந்தார். உள்ளே துரு பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்களாம்.

"பாவா, ஒட்டுக்கெல்லாம் திருநீறு பூசிட்டுப் போறேன்."

"வண்டிக்கு நெத்தி அங்கயா கீது?" என்று சிரித்தார். பிறகு, "பூசு மச்சான், பூசு. முருகன் அடியிலயும் பார்க்கட்டும்" என்றார். வீட்டுக்கு ஒரு புது வண்டி வந்தால் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். பாரம் தாங்குவது ஒட்டு. அதற்கு ஒரு பட்டை இட்டால் என்ன தப்பு?

வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய், திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு ஒட்டின் மேலும் மூன்று விரலால் பட்டை இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முருகா. டார்ச் அடித்து அடி முழுவதும் பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன். டப்பா எதுவும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கப் போகிற வழியில் மறுபடியும் போய்க் குனிந்து பார்த்தேன். திருநீறு காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. சடை மாதிரி சீரான ஒட்டுகளில் நான் இட்ட பட்டை இட்டபடியே இருந்தது. நடுச் சீட்டுக்கு நேர் கீழே, கட்டி கட்டியாக இருந்த ஒட்டின் மேல் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. பென்சிலால் கிழித்த மாதிரி, பட்டைக்குக் குறுக்கே, ஒட்டின் ஓரத்தோடே போயிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. மோந்து பார்த்தேன், டீசல். உள்ளே ஊற்றியது வெளியே கசிகிறது. கசிகிறது என்றால் அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் சேரவே இல்லை. மேலே பார்க்க ஒட்டு, உள்ளே வெறும் விரிசல்.

யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனேன். உட்கார முடியவில்லை. தேங்காய் கேட்டவருக்குக் கற்பூரம் கொடுத்தேன். மத்தியானத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாவா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், இந்நேரத்துல?"

"சும்மா பாவா. வேலை முடிஞ்சுதா?"

"எங்க முடியறது. சீட்டு காலுங்க ஒட்டணும். சாயங்காலமா நான் போய்த்தான் ஒட்டணும். டீ சாப்பிடு."

வேண்டாம் என்று சொல்லி நடந்தேன். அவருக்கு முன்னால் போய் அந்தக் கோட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, பிறகு பேசலாம் என்று. அவருடைய தெருவில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. தார்ப்பாய்க்கு உள்ளே நீலமாக வெளிச்சம். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம்.

பாவா டீக்கடையில். அப்படியானால் இங்கே யார்?

மறைத்து வைத்த ஆள் இதோ கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். தார்ப்பாயை விலக்கினால் ஓடிவிடுவான். கண்ணுக்கும் ஆபத்து. அதனால் வெளிச்சம் நிற்கிற வரை பொறுத்து, மெல்லக் குனிந்து, தார்ப்பாய்க்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் பார்த்தேன். முதலில், வண்டியை விட்டுத் தள்ளி வைத்திருந்த சீட்டின் இரும்புக் கால். அதற்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரின் பாதம். ரப்பர் செருப்புக்கு மேலே மஞ்சள் பூசின விரலில் மெட்டி.

என் அக்கா.

"இன்னாடா, பாம்புப் புத்துல பார்க்கற மாதிரி குனிஞ்சிகினு கீற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் நிழல் விழுந்திருக்கிறது. பாயை விலக்கினேன். புடவைக்கு மேலே பாவாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் முகமூடி. வேர்வையில் பொட்டு கரைந்திருந்தது.

"அக்கா, நீயா?"

"பின்ன எதிர்வீட்டுக்காரர் வந்து ஒட்டிக் குடுப்பாரா?"

"எப்போ கத்துகின?"

"அவரு பார்த்த வீடியோவ நானும்தான் பார்த்தேன். பொறந்த வீட்டுல தறியில அறுந்த இழையெல்லாம் தேடி முடிஞ்சது யாரு, நீயா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "இத மறைக்கறதுக்கா தார்ப்பாய்?" என்று கேட்டதும் அவள் சிரிப்பு போய்விட்டது. முகமூடியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு இல்லடா. அவருக்குக் கண்ணு தெரியல."

பாவாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வெல்டிங் வெளிச்சத்தால் வந்த கூச்சம், போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டாதே என்பார்கள். ஊருக்குத் தெரிந்தால் ஒருவரும் வேனில் ஏற மாட்டார்கள். அதனால் டாக்டருக்குப் பதிலாக முருகனிடம் போயிருக்கிறார். அந்தப் பொட்டலத்தில் இருந்தது வெள்ளிக் கண்மலர். என்னிடம் வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

"மொத ரெண்டு ஒட்டு அவரு வெச்சது. பார்த்தேன், கோடு ஒரு பக்கம் போவுது, ராடு ஒரு பக்கம் போவுது. நான் வெக்கிறேன்னு புடுங்கிக்கினேன். அது வெளிய தெரியக் கூடாதுன்னு பாய கட்டிட்டாரு."

"அந்த மொத ரெண்டு எங்க அக்கா?"

அவள் நடுச் சீட்டு மாட்டுகிற இடத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் பாவா வந்துவிட்டார். எங்கள் இருவரையும் பார்த்ததும், "சொல்லிட்டியா?" என்றார் அக்காவிடம்.

"நான் எங்க சொன்னேன்? மெட்டி சொல்லிச்சு."

அவர் கையைப் பிடித்து வண்டிக்கு அடியில் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் மல்லாந்து படுத்தோம். டார்ச்சை நேராக அந்த இடத்தில் அடித்தேன்.

"பாருங்க பாவா."

"இன்னா பார்க்கணும்? நீ பூசின பட்டை கீது."

"அதுக்கு மேல?"

"ஒண்ணுமில்லியே மச்சான். சுத்தமா கீது."

அந்தக் கோடு அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வெள்ளை மேல் கறுப்பு. நான் டார்ச்சை அசைத்தேன். அவர் கண் அதன் மேலேயே போயிற்று, வந்தது, நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அத்தனை நாள் கோபமும் வேறெங்கோ போய்விட்டது. ஆனால் பயம் இரண்டு பங்காகிவிட்டது. ஒட்டை மட்டும்தான் நான் சந்தேகப்பட்டேன். ஓட்டுகிற கண்ணைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். தடவினார். மூக்கில் வைத்துப் பார்த்தார். டீசல் வாசனை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியே படுத்திருந்தார். வெளியே அக்காவின் பாதம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"இதுக்கு மேலதான் கொழந்த உக்காரணும்," என்றார்.

"ஆங்."

"எவ்ளோ நீளத்துக்குக் கீது?"

"ஒட்டு முழுக்க பாவா."

வெளியே வந்து கால் நீட்டி உட்கார்ந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும். பெரியவர், அக்கா புருஷன், வாய் வரவில்லை. முருகா என்று சொல்லிக்கொண்டு சொன்னேன்.

"ஒட்ட அக்கா சரி பண்ணிடும். ஆனா என் பொண்ண நீங்க ஓட்டிகினு போக வேணாம் பாவா. யாரையுமே வேணாம். கண்ண காட்டிட்டு அப்பறம் பார்க்கலாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். "பந்தியில சொல்லிட்டேனே மச்சான்" என்று மட்டும் சொன்னார். சட்டைப் பையைத் துழாவி வேன் சாவியை எடுத்து, என் கையில் கொடுக்காமல், அக்கா காலடியில் வைத்தார்.

சட்டத்தில் இருந்த ஆயிலை வடித்தோம். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். டீசல் இருக்கிற இடத்தில் நெருப்பை வைக்கிறவன் பிழைக்க மாட்டான், இதைப் படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது. பாவா வைத்த ஒட்டுகளை அறுத்து எடுத்துவிட்டு அக்கா மறுபடியும் வைத்தாள். இந்தத் தரம் தார்ப்பாய் பக்கத்துச் சந்தில் ஆள் நடக்கிற பக்கம் மட்டும்தான், தெருப் பக்கம் திறந்தே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "பொம்பள வெச்ச ஒட்டா?" என்றார். "ஏன், ரேஷன் அரிசி தாங்காதா?" என்று கேட்டாள் அக்கா. மனிதர் உள்ளே போய்விட்டார். மறுபடியும் ஆயில் ஊற்றி, மறுபடியும் திருநீறு இட்டேன். மறுநாள் கோடு இல்லை. அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். சந்தேகப் பிராணி என்றுதான் முன்பே சொன்னேனே.

மகளுக்கு நாள் நெருங்கியதும் மணவூரிலிருந்து மாப்பிள்ளை வந்து வண்டியை எடுத்தார். வாசலில் வேறு வண்டி நிற்கவில்லை. பாவா வாக்கு அந்த அளவுக்குத் தப்பவில்லை. முன் சீட்டில் பாவா, நடுவில் மகளும் அக்காவும், பின்னால் நானும் என் மனைவியும். வழி முழுக்க என் உள்ளங்கால் அந்தத் தரையின் மேல்தான் இருந்தது, ஏதாவது விட்டுக்கொடுக்கிறதா என்று. பாவாவோ கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்: "கனகம்மாசத்திரம் தாண்டிட்டியா? வலது பக்கம் ஒரு பள்ளம் வரும், ஓரமா போ." பள்ளம் வந்தது. "இப்போ ஸ்பீட் பிரேக்கர், மெதுவா. ஆங்." வண்டி ஏறி இறங்கியது. தரை முனகக்கூட இல்லை. என் மகள், "மாமா, கண்ண தொறந்துகினு சொல்லுங்க, எனக்கு பயமா கீது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பாவாவும் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பேரன் பிறந்தான். அதே ஆஸ்பத்திரியில் பாவாவின் கண்ணையும் காட்டினோம். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு ஒரு கிருத்திகை அன்றைக்கு என் கடைக்கு வந்து, "மச்சான், கண்மலர் ஒரு ஜோடி குடு. அன்னைக்கு வேற கடையில வாங்கினது மனசுக்கு ஒப்பல" என்றார். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா கடை வெச்சிகினு கீற? ஒரு கண்ணு சின்னது, ஒரு கண்ணு பெரிசு" என்றார். தகடு அடிக்கிறபோது எப்போதும் வருகிற வித்தியாசம் அது, மயிரிழை அளவு. இத்தனை வருஷமாக விற்கிற நானே அதைக் கவனித்ததில்லை.

இப்போது ஊரில் இந்தக் கதை பலவிதமாக ஓடுகிறது. முருகன் நேரில் வந்து வேலால் கோடு கிழித்தான் என்று சிலர். டீசல் கசிந்தது, இதில் சாமிக்கு என்ன வேலை என்று சிலர். வண்டிக்கு அடியில் டப்பா இருந்தது, மச்சான் போய் அறுத்துவிட்டான் என்று இன்னும் எதிர்வீட்டுப் பக்கம். கோடு வந்தது டீசலால். நான் தொட்டுப் பார்த்தேன். அங்கே திருநீறு பூசச் சொல்லி என்னை அனுப்பியது யார் என்றால் எனக்கு ஒரே பதில்தான் தெரியும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அதனால் படித்தவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாருக்காவது சொல்வதானால் டீசலையும் சொல்லுங்கள், திருநீற்றையும் சொல்லுங்கள். அக்காவின் மெட்டியை விட்டுவிடாதீர்கள். கண் தெரியவில்லை என்பதை மறைக்காதீர்கள், பாவாவே சொல்லச் சொல்லிவிட்டார். முருகன் கை வேலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம், டப்பாவையும் சேர்க்க வேண்டாம். நான் வைத்த இடத்தில் வைத்தபடியே எடுத்துக் கொடுங்கள்.